ஒரே தொகுப்பு, மூன்று பயன்கள்: ஒரு பறவைப் படக் கண்காட்சிக்கான எக்ஸ்போர்ட் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பறவை நோக்கர் குழு, தன் உறுப்பினர்கள் பல ஆண்டுகளாக எடுத்திருந்த படங்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி ஒன்றை நடத்தத் தீர்மானித்தது. தேர்ந்தெடுத்த படங்கள் மூன்று இடங்களுக்குப் போக வேண்டியிருந்தன. சுவரில் மாட்டுவதற்கு 30 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் கொண்ட பெரிய அச்சுகள் தேவைப்பட்டன. பார்வையாளருக்குத் தரும் கையேட்டில் அதே படங்கள் 6 அங்குல அகலத்தில் இடம்பெற வேண்டும். குழுவின் இணையதளத்திலும் அவை ஒரு படத்தொகுப்பாக வர வேண்டும். அந்த இணையதளம் ஒரு படத்துக்கு 1 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது.

உறுப்பினர்களின் கேமராக்கள் பெரும்பாலும் 24 மெகாபிக்சல் வகையைச் சேர்ந்தவை. அதாவது, ஒரு படம் 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்டது. சிலர் ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிந்த தகவலைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்புகளை, வைத்திருந்தார்கள். சிலரிடம் கேமரா தந்த ஜேபெக், அதாவது தகவலில் ஒரு பகுதியை விட்டுச் சிறிதாக்கிய படக்கோப்பு, மட்டுமே இருந்தது. மூன்று பயன்களிலும் இணையதளத்தின் வரம்பே இறுக்கமானது என்பதால், அந்த வரம்புக்குள் அடங்கும் ஒரே தொகுப்பை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் குழப்பம் இராது என்று ஒருங்கிணைப்பாளர் கருதினார். எனவே, "ஒவ்வொரு படமும் 1 எம்பிக்குள் இருக்கட்டும்" என்ற ஒரே ஒரு குறிப்பு அனைவருக்கும் போயிற்று. ஒரே படத்தின் பல வடிவங்கள் கைமாறும்போது எது இறுதியானது என்று தெரியாமல் போவதை முன்பு அனுபவித்தவர் எடுத்த முடிவு அது. அதன் நோக்கத்தில் பிழை காண முடியாது.

அந்தக் குறிப்பை உறுப்பினர்கள் ஆளுக்கொரு விதமாக நிறைவேற்றினார்கள். சிலர், திருத்திய படத்தைத் தனிக் கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் சாளரத்தில், கோப்பளவுக்கு உச்சவரம்பு விதிக்கும் பெட்டியில் 1 எம்பி என்று இட்டுவிட்டு, பிக்சல் அளவை மாற்றாமல் 6000 × 4000 ஆகவே அனுப்பினார்கள். வேறு சிலர் கைபேசியின் செய்திச் செயலி வழியாகப் படமாகவே அனுப்பினார்கள். செயலி அவற்றைத் தானாகவே 1600 × 1067 பிக்சலுக்குக் குறைத்துவிட்டது. அச்சகம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும் என்று கேட்டபோது, வடிவமைப்பைக் கவனித்த உறுப்பினர் இந்தச் சிறிய படங்களை 9000 × 6000 பிக்சலாகப் பெரிதாக்கிப் புதிய கோப்புகளாகச் சேமித்தார். அவை ஒவ்வொன்றும் பல எம்பி அளவுக்கு வளர்ந்ததால், தொகுப்பிலேயே தரமானவை அவைதாம் என்ற எண்ணம் குழுவில் பரவியது.

சோதனை அச்சுகள் வந்த பிறகு அவற்றைப் பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்தார்கள். நான் அச்சுக்கு முந்தைய பட வேலையில் பழக்கமுள்ளவன்.

கவனித்தவை

சுவருக்கான சோதனை அச்சுகள் இரண்டு வெவ்வேறு விதங்களில் பழுதாகியிருந்தன. பிக்சல் அளவு மாறாமல் 1 எம்பிக்குள் அடைக்கப்பட்டவற்றில் வானம் சிறு சிறு சதுரங்களாக உடைந்திருந்தது. வெளிர் நீலத்திலிருந்து வெண்மைக்கு மெல்ல மாற வேண்டிய இடம் படிப்படியான பட்டைகளாகத் தெரிந்தது. இறகுகளின் நுண்கோடுகள் மெழுகிவிட்டாற்போல் ஒன்றாகியிருந்தன. செய்திச் செயலி வழியாக வந்து பெரிதாக்கப்பட்டவற்றில் சதுரங்கள் அவ்வளவாக இல்லை. ஆனால், கண்ணின் விளிம்பு, அலகின் நுனி என எதுவும் கூர்மையாக இல்லை.

சதுரங்களை அளவுகோல் வைத்து அளந்தபோது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இருந்தது. காரணத்தை இந்த அளவே காட்டிவிடுகிறது. 6000 பிக்சல் 30 அங்குலத்தில் பரவும்போது அங்குலத்துக்கு 200 பிக்சல் அமைகிறது. ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்தே கையாள்கிறது. 8 பிக்சல் என்பது அந்த அச்சில் 0.04 அங்குலம், அதாவது சுமார் 1 மில்லிமீட்டர். ஆகவே அச்சகத்தின் இயந்திரத்தையோ காகிதத்தையோ சந்தேகிக்க வேண்டிய தேவை அப்போதே நீங்கியது. கோப்பில் இருந்ததைத்தான் இயந்திரம் அச்சிட்டிருந்தது.

கையேட்டின் சோதனைப் பக்கங்கள் எதிர்பாராத ஒன்றைக் காட்டின. சுவரில் மங்கலாகத் தெரிந்த 1600 பிக்சல் படம் 6 அங்குல அகலத்தில் நன்றாகவே இருந்தது; அங்குலத்துக்கு 267 பிக்சல் கிடைக்கும்போது அப்படி இருப்பதுதான் இயல்பு. கடுமையாக அமுக்கப்பட்ட 6000 பிக்சல் படத்தில் சதுரங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த அகலத்தில் ஒரு கட்டம் 0.2 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. அச்சின் புள்ளித்திரையும், அதாவது மை படியும் நுண்புள்ளிகளின் அடுக்கும், கிட்டத்தட்ட அதே நுண்மை கொண்டது என்பதால் கட்டங்கள் அதற்குள் மறைந்துவிட்டன. ஆனால், வானத்தின் பட்டைகள் மறையவில்லை. தொலைந்த வண்ணப் படிகள் படத்தைச் சிறிதாக்குவதால் திரும்பி வருவதில்லை.

ஒருவருடைய படங்கள் மட்டும் இணையதளத்தில் வெளிறித் தெரிந்தன. அவை அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற வண்ணவெளியில் (குறிக்கக்கூடிய வண்ணங்களின் வரம்பில்), அதற்கான விவரக்குறிப்பு உள்ளே பொதியப்படாமல் எக்ஸ்போர்ட் செய்யப்பட்டிருந்தன. இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் மறுபடி எடுத்தவுடன் சரியாகிவிட்டன.

பழுதின் காரணம்

பிக்சல்களின் எண்ணிக்கையும் அமுக்கத்தின் (கோப்பின் எடையைக் குறைக்கத் தகவலைச் சுருக்குவதன்) கடுமையும் வெவ்வேறு முடிவுகள். குழு இரண்டையும் 'எம்பி' என்ற ஒரே அளவையால் கையாண்டதே எல்லாவற்றுக்கும் வேர் என்பது என் கணிப்பு. கோப்பின் எடை இந்த இரண்டு முடிவுகளின் விளைவாகக் கிடைப்பது. அதையே குறிக்கோளாக வைத்தால் இரண்டில் எது பலியாக வேண்டும் என்பதை மென்பொருளே தீர்மானித்துவிடுகிறது.

1992இல் வரையறுக்கப்பட்ட ஜேபெக் முறை, முதலில் படத்தின் ஒளிர்வையும் வண்ணத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு 8 × 8 கட்டத்தையும், மெல்ல மாறும் சாயல் முதல் மிக நுண்ணிய கோடுகள் வரையிலான 64 கூறுகளாக மாற்றுகிறது. ஒவ்வொரு கூறையும் ஓர் அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறது. இழப்பின் பெரும்பகுதி நேர்வது இந்த இடத்தில்தான். வகுக்கும் எண் பெரிதாக இருந்தால் நுண்கூறுகள் பூச்சியமாகின்றன. மிகப் பெரிதானால் கட்டத்தின் சராசரி ஒளிர்வுகூடத் தோராயமாகிப் பக்கத்துக் கட்டத்தோடு பொருந்தாமல் நிற்கிறது. வானத்தில் தெரிந்த சதுரங்கள் அவைதாம்.

எக்ஸ்போர்ட் சாளரத்தில் நாம் நகர்த்தும் தர எண் இந்த அட்டவணையைத்தான் தேர்ந்தெடுக்கிறது. பரவலாகப் பயன்படும் கட்டற்ற ஜேபெக் நிரலகத்தில் 50 என்பது தரநிலை ஆவணம் எடுத்துக்காட்டாகத் தரும் அட்டவணை. 100 என்பது எல்லா வகுப்பெண்களும் 1 ஆக இருக்கும் அட்டவணை. எனவே 80 என்று இட்டால் படத்தில் 80 விழுக்காடு எஞ்சியிருக்கிறது என்று பொருள் கொள்ள இடமில்லை. மென்பொருளுக்கு மென்பொருள் இந்த அளவுகோலும் மாறுகிறது. ஒன்று 0 முதல் 12 வரையும் மற்றொன்று 0 முதல் 100 வரையும் எண்ணுகிறது. ஒருவர் தன் மென்பொருளில் கண்ட எண்ணை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பதால் பெரிய பயன் இல்லை.

வரம்பு என்ன செய்தது என்பதைக் கணக்கு தெளிவாகக் காட்டும். 1 எம்பி என்பது சுமார் 80 லட்சம் பிட். 6000 × 4000 படத்தில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் இருப்பதால், ஒரு பிக்சலுக்கு மூன்றில் ஒரு பங்கு பிட்தான் கிடைக்கிறது. அதே 1 எம்பியை 2400 × 1600 படத்துக்குக் கொடுத்தால், பிக்சல்கள் 38 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும்; முன்னதைப் போல் ஆறு மடங்குக்கும் அதிகம். முழுப் பிக்சலையும் காப்பாற்ற நினைத்தவர்கள், ஒவ்வொரு பிக்சலுக்கும் சொல்ல ஏதும் இல்லாதபடி செய்துவிட்டார்கள்.

இந்த வரம்பு எல்லாப் படங்களையும் ஒரே மாதிரி தாக்கவும் இல்லை. வெறும் வானத்தில் பறக்கும் ஒரு பருந்தின் படம் இயல்பாகவே சிறிய கோப்பாகிவிடும். நாணற்புதருக்குள் நிற்கும் கொக்கின் படத்தில் ஒவ்வொரு கட்டமும் கோடுகளால் நிறைந்திருப்பதால், அதே தர எண்ணில் அது பல மடங்கு பெரிதாகிறது; அதை 1 எம்பிக்குள் கொண்டுவர மென்பொருள் தரத்தை மிகக் கீழே இறக்க நேர்கிறது. விடியற்காலையில் உயர்ந்த ஐஎஸ்ஓவில், அதாவது கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டி, எடுத்த படங்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. இருட்டில் தோன்றும் மணல்மணி போன்ற இரைச்சலையும் இறகின் நுண்கோட்டையும் ஜேபெக்கால் பிரித்தறிய முடியாது. இரண்டுக்கும் பிட்டைச் செலவழிக்கிறது. பிக்சல் அளவைக் குறைக்கும்போது அண்டைப் பிக்சல்கள் சராசரியாகி இரைச்சல் தணிகிறது. அதனால்தான் அளவு குறைத்த படம் பிக்சல் கணக்கு சொல்வதைக் காட்டிலும் நன்றாக அமுங்குகிறது. எக்ஸ்போர்ட் பற்றிய பேச்சில் அதிகம் கவனிக்கப்படாத இந்தச் செய்தி, பறவைப் படங்களில் மிகவும் பயன்படுகிறது.

சிவந்த அலகுகளில் மட்டும் வேறொரு பழுது தெரிந்தது. பச்சை இலைப் பின்னணியில் அலகின் விளிம்பு கசிந்திருந்தது. மனிதக் கண் ஒளிர்வு வேறுபாட்டை உணரும் அளவுக்கு வண்ண வேறுபாட்டை நுட்பமாக உணர்வதில்லை என்ற அடிப்படையில், பல மென்பொருள்கள் வண்ணத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிச் சேமிக்கின்றன. பெரும்பாலான காட்சிகளில் இது தெரியாது. ஒளிர்வில் நெருங்கியும் வண்ணத்தில் விலகியும் உள்ள இரண்டு பரப்புகள் சந்திக்கும் விளிம்பில் தெரியும்.

எடுத்த முடிவுகள்

தேர்ந்தெடுத்த படம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மூலக்கோப்பு இருக்க வேண்டும் என்பது முதல் முடிவு. ரா கோப்பு உள்ளவர்கள் அதிலிருந்து, தகவலை இழக்காமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் கோப்பை உருவாக்கித் தந்தார்கள். அமுக்காத நிலையில் அது 144 எம்பி எடையுள்ளது. இவ்வளவு பெரிய கோப்புகளை எங்கே வைப்பது என்ற எதிர்ப்பு எழுந்தது. கண்காட்சிக்குத் தேர்வான படங்களுக்கு மட்டும் இவ்வாறு செய்தால் போதும் என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஜேபெக் மட்டும் உள்ளவர்களிடம் கேமரா தந்த கோப்பை மாற்றாமல் தரும்படி கேட்டோம். அவற்றில் நிறத்திருத்தமோ வெட்டுதலோ செய்தால், விளைவை டிஃப் ஆகச் சேமிக்க வேண்டும் என்று வகுத்தோம். காரணம், படத்தை வெட்டும்போது 8 × 8 கட்டங்களின் எல்லை இடம்மாறுகிறது; மீண்டும் ஜேபெக்காகச் சேமித்தால் பழைய கட்டங்களின் தழும்பின்மேல் புதிய கட்டங்களின் இழப்பும் ஏறும்.

அந்த மூலக்கோப்பிலிருந்து மூன்று எக்ஸ்போர்ட்டுகளைத் தனித்தனியாக எடுப்பது இரண்டாவது முடிவு. ஓர் எக்ஸ்போர்ட்டிலிருந்து இன்னொன்றை எடுக்கக் கூடாது.

சுவர் அச்சுக்குப் பிக்சல் அளவை மாற்றவே வேண்டாம் என்று தீர்மானித்தோம். அச்சகம் 300 டிபிஐ கேட்டிருந்ததால் இதற்கு விளக்கம் தர வேண்டியிருந்தது. ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு அளவுள்ள நுண்மையை இயல்பான கண் பிரித்தறியும் என்பது வழக்கமான மதிப்பீடு. 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் படிக்கும் கையேட்டுக்கு அது அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 பிக்சல் ஆகிறது; 300 என்ற வழக்கத்துடன் இது ஒத்துப்போகிறது. 1 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கோ அங்குலத்துக்கு 87 பிக்சல் போதும். நம்மிடம் இருப்பது 200. பார்வையாளர் நெருங்கி வந்தாலும் தாங்கும். 9000 பிக்சலாகப் பெரிதாக்கினால் அச்சகம் கேட்ட எண் கிடைக்கும். இல்லாத நுண்மை கிடைக்காது. அச்சகத்தார் இதைக் கேட்டு உடனே ஏற்கவில்லை; படத்தின் ஒரு பகுதியை மட்டும் இறுதி அளவில் அச்சிட்ட சோதனைத் துண்டைப் பார்த்த பிறகே ஏற்றார்கள். அவர்கள் தயங்கியது நியாயம்தான். 300 என்ற எண் அவர்களைப் பல மோசமான கோப்புகளிலிருந்து காத்து வந்திருக்கிறது.

கையேட்டுக்கு 1800 × 1200 பிக்சல், அதாவது 6 அங்குலத்தில் 300 பிக்சல் வீதம், வண்ணத்தைப் பாதியாக்காத உயர்தர ஜேபெக். இணையதளத்துக்கு நீண்ட பக்கம் 2400 பிக்சல், எஸ்ஆர்ஜிபி, தர எண் 85. 1 எம்பியைத் தாண்டும் படத்தில் தர எண்ணைத் தொடாமல் பிக்சலைக் குறைக்க வேண்டும் என்பது விதி. இன்னும் சிறிதாக, 1200 பிக்சலில் ஏற்றலாமே என்று ஒருவர் கேட்டார். நெருக்கமான பிக்சல்களைக் கொண்ட இன்றைய திரைகளில் 1200 பிக்சல் படத்தை அகலமாகக் காட்டினால் மென்மையாகிவிடும் என்பதால் 2400இல் நின்றோம். மூன்றிலும் ஷார்ப்பனிங்கை, அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்குவதை, அளவு மாற்றிய பிறகே செய்வது என்றும் முடிவாயிற்று. முன்னதாகச் செய்த கூர்மையை அளவு மாற்றம் மழுக்கிவிடும்.

மூலம் கிடைக்காத படங்களே கடினமானவை. செய்திச் செயலியில் வந்தவற்றில் பலவற்றுக்கு உரியவரின் கணினியிலோ பழைய வட்டிலோ மூலம் கிடைத்தது. சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. அவற்றைக் கையேட்டில் மட்டும் சேர்ப்பது என்று தீர்மானித்தோம். ஆனால், அவற்றுள் ஒன்று குழுவினர் மிகவும் மதித்த படம். அந்த நீர்நிலையில் அந்தப் பறவையைக் கண்டதற்கு அவர்களிடம் இருந்த ஒரே சான்று. அதைப் பெரிதாகவே மாட்ட வேண்டும் என்று பலர் விரும்பினார்கள். 30 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 53 பிக்சலாக நிற்கும். 10 அங்குல அகலத்தில் அச்சிட்டால் 160 கிடைக்கும். அந்த அளவில் அச்சிட்டு, கண்டறிந்த விவரத்தைப் பக்கத்தில் எழுதி, தனியாக மாட்டினோம். படத்தின் மதிப்பு அதன் செய்தியில் இருக்கும்போது அளவைக் கூட்டுவது அதைப் பலவீனப்படுத்தும் என்பதே என் கருத்து. குழுவில் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது.

தொடர்ந்து நடந்தவை

முழு அச்சுக்குப் போகும் முன், ஒவ்வொரு படத்திலும் பறவையின் கண்ணும் சிறிது வானமோ நீரோ அடங்கும் ஓர் ஒடுங்கிய துண்டை இறுதி அளவிலேயே அச்சிட்டுப் பார்த்தோம். முழுப் படத்தையும் சிறிய தாளில் அச்சிட்டுப் பார்ப்பதால் பயன் இல்லை. கையேட்டுப் பக்கத்தில் சதுரங்கள் மறைந்ததைப் போல் பழுது அங்கும் மறைந்துவிடும். துண்டுகளில் சதுரங்களும் பட்டைகளும் இல்லை. நாணற்புதர்ப் படத்தில் இலைக்கோடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன. சுவர் அச்சுகளும் அவ்வாறே வந்தன.

இணையதளத்தில் இரண்டு சிக்கல்கள் புதிதாகத் தோன்றின. முதலாவது, தளம் நாம் ஏற்றிய கோப்பிலிருந்து முகப்புக்கான சிறுபடங்களைத் தானே உருவாக்கிக்கொண்டது. அது கையாண்ட எளிய முறை நெருங்கிய கோடுகளைச் சராசரியாக்காமல் இடையிடையே பிக்சல்களை எடுத்துக்கொண்டதால், நாணல் பகுதியில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றின. அந்தப் பக்கத்துக்கு மட்டும் தளம் காட்டும் அகலத்திலேயே சிறுபடங்களை நாங்கள் தயாரித்து ஏற்றினோம். இரண்டாவது, சிலர் ஏற்கெனவே கூர்மையாக்கிய மூலத்தைத் தந்திருந்ததால், எக்ஸ்போர்ட்டின் ஷார்ப்பனிங்கும் சேர்ந்து இறகு விளிம்புகளில் வெண்கோடு படர்ந்தது. அவர்களிடம் கூர்மையாக்காத மூலத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நாணற்புதர்ப் படம் 2400 பிக்சலில் 1 எம்பியைத் தாண்டியது. விதிப்படி 2000 பிக்சலுக்குக் குறைத்தோம். நீளம் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் மொத்தப் பிக்சல்கள் 30 விழுக்காடு குறைகின்றன. கோப்பு வரம்புக்குள் வந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அடுத்த முறை உறுப்பினர்களுக்குப் போகும் முதல் கடிதத்தில் எம்பி என்ற சொல்லே இடம்பெறாது. கேமரா தந்த கோப்பை மாற்றாமல் தரும்படி கேட்க வேண்டும். செய்திச் செயலியைத் தவிர்க்க முடியாதபோது, படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பும்படி சொல்ல வேண்டும். அச்சகத்திடம் டிபிஐ எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அச்சு எத்தனை அங்குலம், எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கப்படும் என்ற இரண்டையும் குழுவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சோதனைத் துண்டை வடிவமைப்பு முடிந்த பிறகு எடுக்காமல், படத்தேர்வு நடக்கும்போதே எடுப்பது நல்லது. தாங்காத படம் எது என்பது அப்போது தெரிந்தால் வேறு படத்தைத் தேர்ந்தெடுக்க அவகாசம் இருக்கும்.

வெப்பி, ஏவிஃப் போன்ற புதிய வடிவங்கள் அதே எடையில் ஜேபெக்கைவிட நன்றாக அமுக்கக்கூடியவை. குழுவின் தளம் அவற்றை ஏற்கும் நிலை வந்தால், இணைய எக்ஸ்போர்ட்டை மட்டும் அவற்றுக்கு மாற்றலாம். மூலக்கோப்பையும் அச்சு எக்ஸ்போர்ட்டுகளையும் தொட வேண்டியதில்லை.

மூன்று பயன்களுக்கும் மூன்று பிரீசெட்டுகளை (சேமித்து வைத்த எக்ஸ்போர்ட் அமைப்புகளை) உருவாக்கி, கோப்புப் பெயரின் முடிவில் சுவர், கையேடு, தளம் என்று தானாகச் சேரும்படி அமைத்துக் கொடுத்திருக்கிறோம். எது இறுதியானது என்ற ஒருங்கிணைப்பாளரின் பழைய கவலைக்கு அதுவே விடை. அவற்றில் ஒரு பெட்டியை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். தொலைவிலிருந்த பறவையை நெருக்கமாக வெட்டி எடுத்த படம் 1500 பிக்சல் அகலமே இருக்கக்கூடும். நீண்ட பக்கம் 2400 என்று கேட்கும் பிரீசெட் அதை எச்சரிக்கை எதுவும் இன்றிப் பெரிதாக்கிவிடும். படத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்று சொல்லும் அந்தப் பெட்டியில் குறியிட்டிருந்தால் அது 1500 பிக்சலாகவே வெளிவரும், அந்தப் படத்தைச் சுவருக்குத் தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்வியும் உரிய நேரத்தில் எழும்.